பிளாஸ்திரியில் எழுதிய மூன்று எண்கள்

23-9-91, திங்கள்

இன்றும் பின்தங்கியிருந்தது. கம்ப்யூட்டர் சர்வரை ஆன் செய்ததும் திரையில் வரும் நேரத்தைச் சொல்கிறேன். சுவர்க் கடிகாரத்தில் எட்டரை, இதில் ஏழு ஐம்பது. ஞாயிறு முழுக்க அணைந்து கிடந்ததில் நாற்பது நிமிஷம் குறைந்துவிட்டது. அறையில் வேறு யாரும் இல்லை. நேரத்தைத் திருத்தி வைத்துவிட்டுப் பழைய துணியால் திரையைத் துடைப்பதுபோல் நின்றுகொண்டேன்.

ஒரு மாதமாக இதே கதை. தினமும் சாயங்காலம் நானே அணைத்துவிட்டுப் போகிறேன், காலையில் வந்தால் ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம் காணோம். தசரதன் சாரிடம் சொல்லலாமா? எங்கள் மானேஜருக்கு ஒரே கேள்விதான் தெரியும்: "யாரால?" ஸ்டோர்ஸில் டைப்ரைட்டர் தட்டிக்கொண்டிருந்த என்னைப் பத்து நாள் மெட்ராஸில் பயிற்சிக்கு அனுப்பி, இந்த ஏ.சி. அறையில் உட்கார வைத்தவர் அவர். என்னை நிரந்தரம் செய்யும் ஃபைல் இப்போதுதான் மேலே போயிருக்கிறது. இந்த நேரத்தில் வாயைத் திறப்பானேன்?

24-9-91

ஆறு நிமிஷம். திருத்திவிட்டேன்.

7-10-91, திங்கள்

ஒரு மணி பத்து நிமிஷம்!

இதற்குள் இருப்பதை நினைத்தால்தான் பயம். இங்கே செய்யும் ஒவ்வொரு டிராக்டர் வால்வையும் எண்ணெய் அழுத்தத்தில் வைத்துச் சோதிக்கிறார்கள். பதினோரு மாதச் சோதனைக் கணக்கும் இந்த ஒரு பெட்டியில்தான். அதிலிருந்து சான்றிதழ் அச்சடித்துக் கொடுத்தால்தான் லாரி கேட்டைத் தாண்டும். பழைய ரிஜிஸ்டரை ஏப்ரலோடு நிறுத்திவிட்டார்கள். எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறதே, எழுதுவது எதற்கு என்று அன்றைக்குச் சொன்னது யார்? நான்தான்.

ஆனால் எனக்கு ஒன்றும் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. ஜூலையில் யாரோ கொண்டுவந்த ஃப்ளாப்பியிலிருந்து வைரஸ் வந்தபோது, செட்டப் திரைக்குள் போய், "முதலில் ஃப்ளாப்பியைப் பார்க்காதே, நேராக ஹார்ட் டிஸ்கிலிருந்து கிளம்பு" என்று மாற்றி வைத்தவள் இந்தக் காந்திமதி. இந்தப் பிள்ளைப்பாக்கம் கம்பெனியில் வேறு யாருக்குத் தெரியும், சொல்லட்டும் பார்ப்போம்.

16-10-91, புதன்

கம்பெனியில் ஆயுத பூஜை. இரண்டு மணிக்கே லைனை நிறுத்திவிட்டார்கள். பிரஸ், லேத் எல்லாவற்றையும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, ஒரே சாமந்தி வாசனை. சர்வருக்கு இது முதல் ஆயுத பூஜை. போன கார்த்திகையில்தான் வந்தது.

நானே துடைத்தேன். பக்கவாட்டில் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டியிருந்தது, காயத்துக்கு ஒட்டுவார்களே, அதுதான். பூட்டிக் கொடுத்த மெட்ராஸ் இன்ஜினியர் மோகன் ஒட்டியது. மேலே ஸ்கெட்ச் பேனாவில் ஏதோ எண்கள். ஓரமெல்லாம் அழுக்கேறி, பார்க்கவே அசிங்கம். பூஜையன்று அப்படியா விடுவது? உரித்துப் போட்டேன். பசை போகவில்லை, தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்தேன். பளபளவென்று ஆயிற்று. அங்கேயே பெரிய சந்தனப் பொட்டு வைத்தேன்.

கற்பூரம் காட்டியதும் எலக்ட்ரீஷியன் ஜெபகுமார் போய் மெயின் சுவிட்சை இறக்கினான். வருஷா வருஷம் அவன்தான். "நீ சர்ச்சுக்குப் போறவன், ஒனக்கு இன்னாடா இதுல இவ்ளோ பக்தி?" என்று கூட்டிப் பெருக்கும் செந்தாமரை கேலி செய்தாள். "மிஷினுக்கு ரெஸ்ட் குடுக்கறதுக்கு எந்த சாமி கோச்சிக்கும்?" என்றான். இனி சனிக்கிழமைதான் கம்பெனி.

17-10-91

வீட்டில் பூஜை. சுண்டலில் உப்பு அதிகம். இரண்டரை நாள் அணைந்திருந்தால் எத்தனை மணி நேரம் பின்தங்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே உப்பைப் போட்டிருக்கிறேன்.

19-10-91, சனி

கடவுளே.

ஆன் செய்தேன். மெமரியை எண்ணியது. பிறகு ஒரு பீப் சத்தம், இங்கிலீஷில் மூன்று வரி. செட்டப் விவரம் இல்லை, பேட்டரி தீர்ந்தது. தேதி? 1980 ஜனவரி ஒன்று. 1980-ல் எனக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை.

செட்டப்புக்குள் போனேன். நான் ஜூலையில் மாற்றியது போய், பழையபடி "முதலில் ஃப்ளாப்பி" என்று வந்திருந்தது. அது போகட்டும், மாற்றிக்கொள்ளலாம். ஹார்ட் டிஸ்க் என்ற இடத்தில் "இல்லை" என்று காட்டுகிறது. பெட்டிக்குள்ளேயே இருக்கிற டிஸ்கை அதற்குத் தெரியவில்லை! தெரியவேண்டுமானால் மூன்று எண்கள் கொடுக்க வேண்டும். தடங்கள் எத்தனை, படிக்கும் தலைகள் எத்தனை, ஒரு தடத்தில் எத்தனை துண்டு. மூன்றும் காலி. அந்த மூன்று காலி இடங்களைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அப்போதுதான் புரிந்தது, அந்தப் பிளாஸ்திரியில் இருந்தது என்ன என்று. ஜூலையில் இதே திரையில் மூன்றும் என் கண்ணெதிரே இருந்தன. எழுதி வைத்தேனா? இல்லை.

செந்தாமரையிடம் ஓடினேன். "புதன்கெழம குப்பையா? அன்னிக்கே கொளுத்திட்டேனேக்கா. இன்னாக்கா, கம்மல் எதனா தொலைச்சிட்டியா?"

தசரதன் சார் வந்தார். கேட்டார், அவருடைய கேள்வியை. "யாரால?" நான் திரையைக் காட்டி, "செட்டப் எல்லாம் அழிஞ்சிருக்கு சார்" என்றேன். "மெயினை அணைச்சது யாரு?" என்றார். ஜெபகுமார் கதவருகேதான் நின்றான். "நான்தான் சார். எப்பவும் அணைக்கிறதுதானே." "கம்ப்யூட்டர் உள்ள கீதுன்னு தெரியாதா ஒனக்கு? லேத்தும் இதுவும் ஒண்ணா?"

மெயினுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. தினமும் சாயங்காலம் நானே சுவிட்சை அணைக்கிறேனே, அதற்கப்புறம் மெயின் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? செத்தது உள்ளே இருக்கிற பேட்டரி, அணைந்திருக்கும்போது கடிகாரத்தையும் செட்டப்பையும் காப்பது அதுதான். அது சாகப்போகிறது என்று இரண்டு மாதமாகக் கடிகாரம் சொல்லிக்கொண்டிருந்தது, எனக்கு மட்டும். இந்த அறையில் அது தெரிந்த ஒரே ஆள் நான்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.

20-10-91, ஞாயிறு

ஏன் சொல்லவில்லை? சொன்னால் அடுத்த கேள்வி "அப்போ யாரால?"

ஜெபகுமாருக்கு ஏற்கெனவே இரண்டு மெமோ. மூன்றாவது வந்தால் கேட்டுக்கு வெளியேதான், இது கம்பெனியில் எழுதாத சட்டம்.

வீட்டுக்காரர் பரசுராமன் வயலிலிருந்து வந்து, "இன்னாத்துக்கு மூஞ்ச இப்படி வெச்சிகினு கீறே? யாராவது எதனா சொன்னாங்களா?" என்றார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் பிரச்சனை என்று எப்படிச் சொல்வது? "ஒரு நம்பர் தொலைஞ்சிபோச்சி" என்றேன். "நம்பர் எப்படிமே தொலையும்? அது இன்னா ஆட்டுக்குட்டியா?" என்று கேட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். பரசுராமனுக்குப் பசி வந்தால் உலகத்தில் வேறு எதுவும் கிடையாது.

மாலையில் சாமி அலமாரியைச் சுத்தம் செய்யும்போது அந்த போட்டோ. போன கார்த்திகையில் சர்வர் வந்த அன்று பூஜை போட்டோமே, அப்போது எடுத்தது. எல்லாருக்கும் ஒரு காப்பி கொடுத்தார்கள். நடுவில் சர்வர், மாலையோடு. பக்கத்தில் நான், தசரதன் சார், மோகன். மாலை நழுவாமல் பிடித்துக்கொண்டு ஜெபகுமார். பெட்டியின் பக்கவாட்டில் வெள்ளையாக ஒரு துண்டு!

கார்டு அளவுப் படம். எண்கள் எறும்பு மாதிரி இருக்கின்றன. கண்ணைச் சுருக்கிப் பார்த்துத் தலைவலிதான் மிச்சம்.

21-10-91, திங்கள்

காலையில் மெட்ராஸ் கம்பெனிக்கு போன் போட்டேன். "எந்த ஊரும்மா?" ஸ்ரீபெரும்புதூர் என்றதும் அந்தப் பக்கம் ஒரு கணம் மௌனம். மே மாதக் குண்டுவெடிப்பிலிருந்து எங்கள் ஊர்ப் பெயருக்கு இதுதான். பிறகு விஷயத்துக்கு வந்தார். மோகன் மஸ்கட்டுக்குப் போய்விட்டாராம். அவர் எழுதி வைத்த காகிதம் எதுவும் அங்கே இல்லையாம். டிஸ்கின் மேலே அச்சடித்திருக்கும் எண்களைப் போடக் கூடாதாம், மோகன் இந்த வகை டிஸ்குகளுக்கு வேறு எண்கள் வைப்பது வழக்கமாம். புதன்கிழமை ஆள் வருவார், ஃப்ளாப்பியிலிருந்து கிளப்பி, ஃபார்மட் பண்ணி, பேக்கப்பை ஏற்றிக் கொடுப்பார். ஃபார்மட் என்றால் துடைத்துவிடுவது. நம் பேக்கப் மே மாதத்தோடு நிற்கிறது. ஐந்து மாதச் சோதனை, சுத்தமாகப் போய்விடும்.

தசரதன் சார் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்தார். "பதினாலு பேலட் சரக்கு கேட்ல நிக்குது." பிறகு எழுந்து போய் ஜெபகுமாருக்கு மெமோ அடிக்கச் சொன்னார். யாரை? டைப்பிங் தெரிந்தவள் வேறு யார்? நான்தான் அடித்தேன். "கவனக்குறைவாகப் பிரதான மின் இணைப்பைத் துண்டித்து." ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் அடித்தேன்.

ஷிஃப்ட் முடிந்ததும் பஸ் பிடித்து ஸ்ரீபெரும்புதூர் ரத்னா ஸ்டுடியோ. கடைக்காரர் நெகட்டிவைத் தேடி எடுத்தார். முகத்தில் பரு இருந்தால் நெகட்டிவில் திருத்துவார்களாம், அதற்கு ஒரு தடித்த லென்ஸ். அதை வைத்துப் பார்க்கச் சொன்னார். கறுப்பு வெள்ளையெல்லாம் தலைகீழாக, நான் பேய் மாதிரி பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். பிளாஸ்திரி கறுப்பாகத் தெரிந்தது. முதல் எண் 965. கடைசி எண் 17. நடுவில்?

நடுவில் ஜெபகுமாரின் கட்டைவிரல்.

மாலையைப் பிடித்த கை, சரியாக அந்த இடத்தில். எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை. கடைக்காரர், "யாராவது தவறிட்டாங்களாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார்.

22-10-91, செவ்வாய்

ஏழரைக்கே போய்விட்டேன். நடு எண்தான் தலைகள். பதினாறுக்கு மேல் போட அது விடாது. ஆக, அதிகம் போனால் பதினாறு தடவை.

ஃப்ளாப்பி வேண்டாம், நேராக ஹார்ட் டிஸ்க் என்று முதலில் மாற்றினேன். 965, 17 போட்டேன். நடுவில் 2. சேமித்து வெளியே வந்தால் மறுபடி முதலிலிருந்து மெமரியை எண்ணுகிறது. எத்தனை நேரம்! பிறகு கறுப்புத் திரை, அசையவில்லை. 3, 4. அதே. 5. "டிஸ்க் பிழை." 6, 7, 8. ஒவ்வொன்றுக்கும் வேண்டாத சாமி இல்லை. ஜெபகுமாரின் சாமியையும் விடவில்லை. 9 போட்டபோது மின்விசிறி சத்தம் மாறியதுபோல இருந்தது, பிரமை.

10.

டிஸ்க் விளக்கு எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது. உள்ளே கரகரவென்று அரிசி களையும் சத்தம், பதினோரு மாதம் தினமும் காலையில் கேட்ட அதே சத்தம். பிறகு பெயரைக் கேட்டது. என் பெயரை அடித்தேன், உள்ளே விட்டது. பூஜை நாள்வரை இருந்த எல்லாச் சோதனையும் வரிசையாக அங்கேயே இருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.

தசரதன் சார் வந்து பார்த்துவிட்டு எல்லாரையும் கூப்பிட்டார். "எப்படிம்மா?" என்றார். "பழைய நம்பரைத் தேடிப் பிடிச்சேன் சார்." எங்கே தொலைந்த நம்பர் என்று அவர் கேட்கவில்லை. "மெட்ராஸ்காரனே கைய விரிச்சிட்டான், நம்ம காந்திமதி கெளப்பிடுச்சி" என்று லைன் முழுக்கச் சொல்லிக்கொண்டு போனார். ஃபைலை இந்த வாரமே வாங்கிவிடுகிறேன் என்றார். கூட்டத்தில் ஜெபகுமாரும் இருந்தான். எல்லாரையும்விட அவன்தான் பலமாகக் கை தட்டினான். தன் மெமோவும் போய்விடும் என்று நினைத்திருப்பான்.

மெமோ போகவில்லை. சாயங்காலம் கேட்டேன், ஏதோ பேச்சுக்கு நடுவில் கேட்பதுபோல. "அது வேற, இது வேற" என்றார் சார்.

23-10-91, புதன்

மெட்ராஸ் ஆள் வந்தார். ஃபார்மட் வேலை இல்லை என்றதும் அவருக்கே நிம்மதி. பேட்டரியை மட்டும் மாற்றினார். பழையதில் பச்சையாக ஏதோ கசிந்திருந்தது. "இது ஒரே நாள்ல போகலியே மேடம். கடிகாரம் லேட்டாகியிருக்குமே, பாக்கலையா?" தசரதன் சார் பக்கத்தில்தான் நின்றார்.

"கவனிக்கலைங்க" என்றேன்.

சரளமாக வந்தது, அதுதான் பயமாக இருக்கிறது.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் ஜெபகுமார் வந்தான், கையில் அந்த மெமோ. நாளைக்குள் பதில் கொடுக்க வேண்டுமாம். "அக்கா, எனக்கு இங்கிலீஷ் வராது, தமிழ்ல எழுதினாலும் கோணலா வரும். நீங்களே நல்லா ஒரு மன்னிப்பு லெட்டர் அடிச்சிக் குடுங்கக்கா. நான் தெரியாம அணைச்சிட்டேன், இனிமே அணைக்க மாட்டேன்னு. வேலை போச்சின்னா வூட்ல சமாளிக்க முடியாதுக்கா." டப்பாவிலிருந்து ஒரு துண்டு மீனை எடுத்து என் தட்டில் வைத்தான். அதை என்ன செய்ய? சாப்பிட்டேன்.

24-10-91, வியாழன்

டைப்ரைட்டரில் தாளை ஏற்றினேன். "கீழே கையொப்பமிட்டுள்ள ஜெபகுமார்" வரை அடித்தேன். அதற்கு மேல் விரல் போகவில்லை. தாளை உருவிவிட்டு வேறு தாள் ஏற்றினேன். "கீழே கையொப்பமிட்டுள்ள காந்திமதி."

எல்லாவற்றையும் அடித்தேன். கடிகாரம், இரண்டு மாதம், தேங்காய் எண்ணெய், பிளாஸ்திரி, மெயின் சுவிட்சுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பது, நேற்று சொன்ன பொய். ஒன்றரைப் பக்கம் வந்தது.

தசரதன் சார் இரண்டு முறை படித்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன், குரலைத் தாழ்த்தினார். "மெஷின் ஓடுது. மேல எல்லாருக்கும் ரிப்போர்ட் போயாச்சி, காந்திமதின்னு பேர் போட்டு. இப்ப இத நான் எங்க கொண்டு போய் நீட்டறது? இத கிழிச்சிடறேன். அந்தப் பையனுக்கு வேணும்னா நான் பாத்து சொல்றேன், வேலைக்கு ஒண்ணும் ஆவாது. மெமோ மட்டும் ஃபைல்ல இருக்கும், அவ்ளோதான்."

ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், கிழியட்டுமே என்றுதான் இருந்தது. மறைக்காமல் எழுதுகிறேன்.

"வேணாம் சார். மூணாவது மெமோ சார் அது."

26-10-91, சனி

ஜெபகுமாரின் மெமோவைத் திரும்ப வாங்கிவிட்டார்கள். எனக்கு ஒன்று வந்தது. நிரந்தரம் ஆறு மாதம் கழித்துப் பார்க்கப்படும். அதுவரை சர்வரை நான்தான் பார்க்க வேண்டும், வேறு ஆள் இல்லை. அந்த மெமோவை அடித்ததும் நான்தான்.

ஜெபகுமாரிடம் நானே போய்ச் சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டே கேட்டான். கேட்டு முடித்ததும் ஒரே கேள்வி.

"சனிக்கெழம அவரு என்னக் கேட்டப்ப நீங்க அங்கதானக்கா நின்னுகினு இருந்தீங்க?"

ஆமாம் என்றேன். ஸ்குரூ டிரைவரைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டான்.

5-11-91, செவ்வாய்

தீபாவளி. முறுக்கு ஒரு டப்பா எடுத்து வைத்தேன் ஜெபகுமாருக்கு. கொடுப்பேனா? வீட்டுக்காரர் கேட்டார், "யாருக்குமே இது?" சொன்னேன், இந்த முறை எல்லாவற்றையும். சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். பரசுராமன் சாப்பிடுவதை நிறுத்தினார் என்பதை இங்கே குறித்துக்கொள்கிறேன்.

8-11-91

டப்பாவை எலக்ட்ரிகல் அறையில் வைத்துவிட்டு வந்தேன். அவன் அங்கே இல்லை. இரண்டு வாரமாக நான் இருக்கும் இடத்தில் அவன் இருப்பதில்லை.

18-11-91, திங்கள்

ஞாயிறு முழுக்க அணைந்து கிடந்தும் ஒரு நிமிஷம்கூடக் குறையவில்லை. எட்டரைக்கு எட்டரை. இருந்தாலும் நோட்டில் எழுதினேன். இப்போது தினமும் எழுதுகிறேன், தசரதன் சார் கையெழுத்துப் போடுகிறார்.

பத்து மணிக்கு ஏ.சி. ட்ரிப் ஆகிவிட்டது. மெயின் அறைக்குப் போனேன். கதவைத் திறந்ததும் பெயின்ட் வாசனை. மெயின் சுவிட்சுக்கு மேலே, அந்த மண்டை ஓடு படத்துக்கும் மேலே, சுவரில் சிவப்பு எனாமலில் ஓர் அடி உயரத்துக்கு மூன்று எண்கள். 965. 10. 17. அவன் எழுத்து கோணல்தான், பொய் சொல்லவில்லை. கீழே சின்னதாகப் பேட்டரி மாற்றிய தேதி. அலமாரி மேல் என் முறுக்கு டப்பா, கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

என்னையறியாமல் கை நீண்டு நடு எண்ணைத் தொட்டுவிட்டது.

"காயல. தொடாதீங்கக்கா."

ஏணி மேல் நின்று ஒயர் இழுத்துக்கொண்டிருந்தான். திரும்பிப் பார்க்கவில்லை. நானும் வந்த வேலையைச் சொல்லிவிட்டு வந்தேன். இதை எழுதும்போதும் கட்டைவிரலில் சிவப்பு இருக்கிறது. மண்ணெண்ணெய் தொட்டால் போய்விடும், வீட்டுக்குப் போய்த் துடைத்துக்கொள்ளலாம்.